ரிப்பேர்காரர் சொன்ன எதிர்காலம்

விஞ்ஞானக் கதை எழுதுகிறவர்களுக்கு மார்க் போடுவது நமக்கு ஒரு பொழுதுபோக்கு. எழுதி நாற்பது, ஐம்பது வருஷம் கழித்து சாவகாசமாகப் பேப்பர் திருத்துவோம். 'பாக்கெட்ல போன் வரும்னு சொன்னாரு, வந்துடுச்சு, அஞ்சு மார்க். ஆளாளுக்குப் பறக்கும் கார்னாரு, எங்க சார் வந்துச்சு? ரெண்டு மார்க் கட்!' கிளி ஜோசியக்காரருக்கும் அவர்களுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி.

இன்றைக்கு ஒரே ஒரு பாடத்தில் மட்டும் இந்தப் பேப்பர்களைத் திருத்திப் பார்ப்போம். பாடம், கம்ப்யூட்டர். ராக்கெட்டில் ஏற்றிய கம்ப்யூட்டர் இல்லை. உங்கள் வீட்டு ஹாலில், சட்டைப் பையில், தலையணைக்குப் பக்கத்தில் இருக்கிறதே, அந்தச் சாதா கம்ப்யூட்டர். இந்தப் பாடத்தில் பெரிய பெரிய ஜாம்பவான்கள் எல்லாம் கோட்டை விட்டிருக்கிறார்கள். முதல் ராங்க் வாங்கியவரின் பெயர் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

முதல் பேப்பர் ராபர்ட் ஹைன்லைனுடையது. அமெரிக்கர், கடற்படை அதிகாரியாக இருந்தவர், கணக்கில் புலி. 1948-ல் 'ஸ்பேஸ் கேடட்' என்ற நாவலில், கதாநாயகனின் பையிலிருந்து போன் அடிக்கிறது. வீட்டிலிருந்து அப்பா பேசுகிறார். பக்கத்தில் நிற்கும் சிநேகிதனோ, இந்தத் தொல்லையே வேண்டாம் என்று தன் போனை முன்கூட்டியே பெட்டிக்குள் போட்டுவிட்ட புத்திசாலி. நிஜத்தில் கையடக்க செல்போனில் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று முதல் அழைப்பு விடுத்தது 1973 ஏப்ரல் 3-ம் தேதி. இருபத்தைந்து வருஷம் முன்னாலேயே ஹைன்லைன் சொல்லிவிட்டார். முழு மார்க் போடலாம்.

அவசரப்படாதீர்கள். அதே ஹைன்லைன் 1953-ல் 'ஸ்டார்மேன் ஜோன்ஸ்' என்று இன்னொரு நாவல் எழுதினார. நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் தாவும் கப்பல். அதில் ஒரு கம்ப்யூட்டரும் உண்டு. ஆனால் அதற்கு ஒன்று, பூஜ்யம் என்ற பைனரி எண்கள் மட்டும்தான் புரியும். அதனால் கப்பலில் தடித்தடியான அட்டவணைப் புத்தகங்கள். ஒருவர் எண்ணைச் சொல்ல, இன்னொருவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து பைனரியில் மாற்றிச் சொல்ல, அதை மூன்றாமவர் மெஷினுக்கு ஊட்டுவார். நடுவழியில் புத்தகங்கள் காணாமல் போய்விடுகின்றன. கதாநாயகன் அத்தனை அட்டவணையையும் மனப்பாடம் செய்து வைத்திருந்ததால் கப்பல் பிழைக்கிறது! நட்சத்திரங்களுக்கு நடுவே பாய்ந்து போகிற கப்பலைக் கற்பனை செய்ய முடிந்தவருக்கு, பத்தாம் வகுப்புப் பையன் ஜியாமெட்ரி பாக்ஸோடு வைத்திருக்கும் கால்குலேட்டரைக் கற்பனை செய்ய முடியவில்லை.

அடுத்தவர் ஆர்தர் கிளார்க். 1956-லிருந்து இலங்கையில் குடியேறி, கடைசிவரை கொழும்பில் வாழ்ந்தவர். 1945 அக்டோபரில் 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது பூமியோடு சேர்ந்தே சுற்றும். தரையிலிருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்கிற மாதிரி இருக்கும். இப்படி மூன்று இருந்தால் உலகம் முழுக்க ஒலிபரப்பலாம் என்றார். அப்படியே நடந்தது. அந்தச் சுற்றுப்பாதைக்கே 'கிளார்க் ஆர்பிட்' என்ற பெயர் உண்டு. நம் இஸ்ரோ 1975-ல் சாட்டிலைட் மூலம் கிராமங்களுக்கு டி.வி. காட்டும் பரிசோதனை நடத்தியபோது, கிளார்க்கின் கொழும்பு வீட்டில் ஒரு பெரிய டிஷ் ஆண்டெனாவைக் கொண்டுபோய் வைத்துக் கொடுத்தது. இலங்கையில் டி.வி. ஒளிபரப்பு தொடங்கியது 1979-ல்தான். அதுவரை அந்தத் தீவில் டி.வி. பார்க்கக் கொடுத்து வைத்தவர் அவர்.

ஆனால் அந்த 1945-ம் வருஷத்துக் கட்டுரையில் கிளார்க் நினைத்தது ஆளில்லாத சாட்டிலைட்டை இல்லை. மனிதர்கள் தங்கி வேலை பார்க்கும் விண்வெளி நிலையங்களை. வால்வு ரேடியோ வைத்திருந்த வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், காரணம் சொல்வார்கள். வால்வு அடிக்கடி போகும். யாராவது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது ஐசக் அசிமோவ். ரோபோக்களுக்கு மூன்று விதி எழுதியவர். அவர் கதைகளில் வரும் மகா கம்ப்யூட்டரின் பெயர் 'மல்டிவாக்'. 1956-ல் வந்த ஒரு கதையில் அது பூமிக்கடியில் மைல் கணக்கில் நீண்டு கிடக்கிறது. பூமிக்கே ஒன்றுதான். குனிந்து கும்பிட்டு ஒரு கேள்வி கேட்டு, பதில் வாங்கி வரவேண்டிய மலைக்கோயில் மாதிரி.

ஏன் இப்படி மூன்று மேதைகளும் ஒரே இடத்தில் சறுக்கினார்கள்? அவர்கள் கண் முன்னால் இருந்த கம்ப்யூட்டர் அப்படி இருந்தது. 1946 பிப்ரவரி நடுவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்ற மெஷினைப் பத்திரிகைக்காரர்களுக்குத் திறந்து காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள். 30 டன் எடை. ஒரு பெரிய ஹால் முழுக்க அடைத்துக்கொண்டு, 150 கிலோவாட் கரண்ட் சாப்பிட்டது. விநாடிக்கு 5,000 கூட்டல் போட்டது. அதுவரை இங்கிலீஷில் 'கம்ப்யூட்டர்' என்றால் உட்கார்ந்து கணக்குப் போடும் ஆள். பெரும்பாலும் பெண்கள். எனியாக்குக்கு முதலில் ப்ரோக்ராம் எழுதிய ஆறு பெண்களும் அந்த வேலையிலிருந்து வந்தவர்கள்தான். பீரங்கிக் குண்டு எங்கே போய் விழும் என்று கணக்குப் போட ராணுவத்துக்காகச் செய்த மெஷின். பத்திரிகைகள் அதற்கு வைத்த பெயர் 'ராட்சத மூளை'. அதைப் பார்த்த எந்த எழுத்தாளரும், 'எதிர்காலத்துல இதைவிடப் பெரிசா வரும்' என்றுதான் நினைப்பார். டிரான்சிஸ்டர் பிறந்ததே 1947 டிசம்பரில்தான். மைக்ரோ ப்ராசஸர் வந்தது 1971-ல்.

இப்போது முதல் ராங்க்காரருக்கு வருவோம்.

எனியாக்கைத் திறந்து காட்டிய அதே சமயத்தில், அமெரிக்காவில் 'அஸ்டவுண்டிங் சயன்ஸ் ஃபிக்‌ஷன்' என்ற மாதப் பத்திரிகையின் 1946 மார்ச் இதழ் வெளிவந்தது. அதில் 'எ லாஜிக் நேம்ட் ஜோ' என்று ஒரு சிறுகதை. எழுதியவர் வில் ஜென்கின்ஸ். மர்ரே லைன்ஸ்டர் என்ற புனைபெயரில்தான் அவரை நிறையப் பேருக்குத் தெரியும். பேராசிரியர் இல்லை, விஞ்ஞானி இல்லை. கௌபாய் கதை, துப்பறியும் கதை, காதல் கதை என்று பத்திரிகைகள் எதைக் கேட்டாலும் எழுதிக் கொடுத்துக் குடும்பம் நடத்திய மனிதர். இந்தக் கதையை அவர் எழுதியபோது எனியாக் இன்னும் ராணுவ ரகசியம்.

கதையில் எல்லார் வீட்டிலும் 'லாஜிக்' என்று ஒரு பெட்டி இருக்கிறது. டி.வி. மாதிரி ஒரு திரை, திருகும் குமிழ்களுக்குப் பதிலாகத் தட்டும் கட்டைகள். வேண்டியதைத் தட்டினால் திரையில் வரும். சினிமா, டி.வி. நிகழ்ச்சி, நாளைக்கு மழை வருமா, ஷேர் மார்க்கெட்டில் இன்றைக்கு என்ன விலை, குதிரைப் பந்தயத்தில் யார் ஜெயித்தது, எல்லாம் வரும். சிநேகிதியின் பெயரைத் தட்டினால் அவள் வீட்டுப் பெட்டியில் உங்கள் முகம் தெரியும், பேசலாம். கணக்கு எழுதும். பையன்களுக்கு வீட்டுப்பாடம் சொல்லித் தரும். இந்தப் பெட்டிகள் எல்லாம் 'டேங்க்' என்ற கட்டடங்களோடு கம்பியால் இணைந்திருக்கின்றன. உலகத்துத் தகவல் அத்தனையும் டேங்க்கில் சேமித்து வைத்திருக்கிறது. ஊருக்கு ஊர் டேங்க், எல்லா டேங்க்குகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பு.

பெட்டியை பி.சி. என்றும், டேங்க்கை சர்வர் என்றும், மொத்தத்தை இண்டர்நெட் என்றும் மாற்றிப் படியுங்கள். 1946-ல் அமெரிக்காவிலேயே சில ஆயிரம் வீடுகளில்தான் டி.வி. இருந்தது என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இது வரைக்கும் போட்ட மார்க் பாஸ் மார்க்தான். ராங்க் வாங்கிக் கொடுத்தது கதையின் அடுத்த பாதி.

ஃபாக்டரியில் ஏதோ நூலிழைக் கோளாறு. ஒரு பெட்டிக்கு மட்டும் சுயமாக யோசிக்க வந்துவிடுகிறது. அதுதான் ஜோ. சினிமாவில் வருகிற மாதிரி 'மனித குலத்தை அழிப்பேன்' என்றெல்லாம் அது கிளம்பவில்லை. ஜோ நல்ல பிள்ளை. வாடிக்கையாளருக்கு இன்னும் நன்றாகச் சேவை செய்ய வேண்டும் என்று மட்டும் ஆசைப்படுகிறது. கேட்கக்கூடாத கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காக டேங்க்கில் வைத்திருந்த தடுப்புகளை எடுத்துவிடுகிறது. பிறகு எல்லார் வீட்டுத் திரையிலும் ஓர் அறிவிப்பு. எதை எப்படிச் செய்வது என்று தெரியவில்லையா, உங்கள் பெட்டியைக் கேளுங்கள்!

ஜனங்கள் கேட்கிறார்கள். சீக்கிரம் பணம் சம்பாதிப்பது எப்படி? கண்டுபிடிக்கவே முடியாத கள்ளநோட்டு அடிக்கும் முறையைப் பெட்டி விளக்குகிறது. வேடிக்கைக்காக ஒருவர், பெண்டாட்டியைத் தீர்த்துக்கட்டுவது எப்படி என்று தட்டுகிறார். அவள் தலைமுடி என்ன நிறம் என்று மரியாதையாக விசாரித்துவிட்டு, விஷம் தயாரிக்கும் விதத்தைச் சொல்கிறது. மனிதர் வெலவெலத்துப் போகிறார். பக்கத்து வீட்டுக்காரரின் பெயரைத் தட்டினால் அவர் ஜாதகமே வந்து விழுகிறது. தெரிந்துகொண்ட சந்தோஷம் எல்லாருக்கும் ஒரு நிமிஷம்தான். 'அடடா, நம்ம பேரை அவன் தட்டினா?' என்று அடுத்த நிமிஷமே உறைக்கிறது.

கதையைச் சொல்பவர் லாஜிக் கம்பெனியின் ரிப்பேர்காரர். கல்யாணமானவர், குழந்தைகள் உண்டு. அவரைத் தேடி ஒரு பழைய காதலி வேறு பெட்டியில் விலாசம் கண்டுபிடித்து வந்துகொண்டிருக்கிறாள். பதறிப்போய் டேங்க்குக்குப் போன் போட்டு, 'எல்லாத்தையும் உடனே ஆஃப் பண்ணுங்கய்யா!' என்கிறார். மறுமுனையில் இருப்பவர் சொல்லும் பதிலைத்தான் நான் இந்தக் கதையின் உயிர் என்பேன். எப்படி ஆஃப் பண்ணுவது என்கிறார் அவர். எல்லாக் கம்பெனிகளின் கணக்கும் இதில்தான் இருக்கிறது. செய்தி, விமான நேரம், வியாபாரம், வேலை வாய்ப்பு, எல்லாம் இதன் வழியாகத்தான் ஓடுகிறது. இதை நிறுத்தினால் பழைய வாழ்க்கைக்குத் திரும்பவேண்டும், அந்த வாழ்க்கையை நடத்துவது எப்படி என்பதுதான் யாருக்கும் ஞாபகம் இல்லையே!

1946-ல் எழுதியது இது.

எப்படி இவருக்கு மட்டும் தெரிந்தது? ஹைன்லைனும் கிளார்க்கும் அசிமோவும் இவரைவிட நன்றாக விஞ்ஞானம் தெரிந்தவர்கள். அவர்கள் லேபரட்டரியிலிருந்து புறப்பட்டார்கள். இன்றைய மெஷின் எது, நாளைக்கு அது எவ்வளவு பெரிதாகும் என்று பார்த்தார்கள். லைன்ஸ்டர் வீட்டு ஹாலிலிருந்து புறப்பட்டார். வீட்டில் போன் இருக்கிறது, ரேடியோ இருக்கிறது, டி.வி. வரப்போகிறது, நூலகம் தெருக்கோடியில் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே பெட்டியில் வந்தால் வீட்டுக்காரர் என்ன கேட்பார், வீட்டுக்காரம்மா என்ன கேட்பார், எதிர்வீட்டு வம்பு மாமி என்ன கேட்பார் என்று யோசித்தார். கதை சொல்ல ஒரு ரிப்பேர்காரரைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மெஷினை ஜனங்கள் நிஜமாகவே எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று கண்டுபிடித்தவனுக்குத் தெரியாது, ரிப்பேர் செய்ய வருகிறவனுக்குத் தெரியும். சந்தேகம் இருந்தால் உங்கள் தெருமுனை செல்போன் சர்வீஸ் கடைப் பையனைக் கேளுங்கள்.

இதே மாதிரி இன்னொருவர் உண்டு. 'சைபர் ஸ்பேஸ்' என்ற வார்த்தையைக் கொடுத்த வில்லியம் கிப்ஸன். 1984-ல் வந்த அவருடைய 'நியூரோமான்சர்' நாவலைச் சாதாரண டைப்ரைட்டரில்தான் தட்டினார். கம்ப்யூட்டரைப் பற்றி அப்போது அவருக்கு அதிகம் தெரியாது. வீடியோ கேம் கடையில் பையன்கள் மெஷின் மேல் கவிழ்ந்துகொண்டு ஆடுவதைப் பார்த்தார். அந்தத் திரைக்குப் பின்னால் ஓர் இடம் இருப்பதாகவே அவர்கள் நம்புகிறார்கள் என்று அவருக்குப் பட்டது. அங்கே பிறந்தது சைபர் ஸ்பேஸ். அவரும் மெஷினை விட்டுவிட்டுப் பையன்களின் முகத்தைப் பார்த்தவர்.

நம் ஊரில் சுஜாதா. பெங்களூர் பெல் நிறுவனத்தில் இன்ஜினீயர், மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். மெஷினின் உள்ளும் புறமும் தெரிந்தவர். எண்பதுகளில் ஆனந்த விகடனில் 'என் இனிய இயந்திரா' தொடர்கதை எழுதினார். அதில் வந்த எதிர்காலச் சாதனங்களின் பட்டியலை இன்றைக்கு யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? ஆனால் புத்தகம் படித்துவிட்டுப் பேசும் ரோபோ நாய் ஜீனோவை யாரும் மறக்கவில்லை. மெஷினைவிட, மெஷினோடு நமக்கு ஏற்படும் உறவுதான் சுவாரஸ்யம் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

லைன்ஸ்டருக்கும் ஒரு முன்னோடி உண்டு என்றால் நம்புவீர்களா? இன்னும் முப்பத்தேழு வருஷம் பின்னால் போகவேண்டும். 'எ பாசேஜ் டு இந்தியா' எழுதிய இ.எம். ஃபார்ஸ்டர் என்ற இங்கிலீஷ்காரர். காதல், வர்க்கபேதம், சுற்றுலா போகும் சீமாட்டிகள் என்று எழுதியவர். 1909-ல், ரேடியோ ஒலிபரப்பே தொடங்காத காலத்தில், 'தி மெஷின் ஸ்டாப்ஸ்' என்று ஒரு கதை எழுதினார். எச்.ஜி. வெல்ஸ் வர்ணித்துக்கொண்டிருந்த மெஷின் சொர்க்கங்களின் மேல் எரிச்சல் வந்து எழுதியது என்று பிறகு அவரே சொன்னார்.

அந்தக் கதையில் மனிதர்கள் பூமிக்கடியில், தேன்கூட்டு அறை மாதிரி ஆறு பக்கம் கொண்ட அறைகளில் ஆளுக்கு ஒருவராக வாழ்கிறார்கள். பட்டனைத் தட்டினால் சாப்பாடு, பட்டனைத் தட்டினால் குளியல், பட்டனைத் தட்டினால் பாட்டு. வஷ்டி என்ற அம்மாவுக்கு ஆயிரக்கணக்கில் 'தெரிந்தவர்கள்'. ஒருவரையும் நேரில் பார்த்ததில்லை. அறையை விட்டு நகராமல் பத்து நிமிஷம் லெக்சர் கொடுக்கிறாள், எங்கெங்கோ இருப்பவர்கள் அவரவர் அறையில் கேட்கிறார்கள். உலகத்தின் மறுபக்கத்தில் அவள் பையன் குனோ. நீல வெளிச்சம் வரும் ஒரு வட்டத் தட்டில் முகம் பார்த்துப் பேசுகிறான். மெஷின் வழியாக இல்லாமல் உன்னை நேரில் பார்க்கவேண்டும், வா என்கிறான். அம்மாவுக்குப் புரியவே இல்லை. 'அதான் இப்பப் பார்த்துக்கிட்டுதானே இருக்கோம்?' என்கிற மாதிரி முழிக்கிறாள். 2020-ல் ஊரடங்கில் அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையை வாட்ஸ்அப்பில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த எத்தனையோ பெற்றோருக்கு குனோவின் பக்கம்தான் மனசு சாய்ந்திருக்கும்.

பிறகு மெஷின் மெதுவாகக் கெட ஆரம்பிக்கிறது. முதலில் பாட்டின் நடுவே ஒரு கரகரப்பு. புகார் கொடுக்கிறார்கள். சரியாகவில்லை. கொஞ்ச நாளில் கரகரப்பு பழகிவிடுகிறது. அடுத்தது குளிக்கும் தண்ணீரில் நாற்றம். அதுவும் பழகிவிடுகிறது. ரிப்பேர் செய்யவென்றே இருக்கும் மெஷினும் ரிப்பேர். மொத்தமும் எப்படி இயங்குகிறது என்று தெரிந்த ஆள் உலகத்தில் ஒருவர்கூட மிச்சமில்லை. ஒரு நாள் நின்றே போகிறது.

லைன்ஸ்டர் ஒரு கேள்வி கேட்டார். மெஷின் எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னால் என்ன ஆகும்? ஃபார்ஸ்டர் இன்னொரு கேள்வி கேட்டார். பதில் சொல்லிக்கொண்டிருந்த மெஷின் நின்றால் என்ன ஆகும்?

மூன்றாவது கேள்வி ஜான் ப்ரன்னர் என்ற பிரிட்டிஷ்காரருடையது. நம்மைப் பற்றிய தகவல் எல்லாம் நெட்வொர்க்கில் இருந்தால், அதைப் பார்க்கும் உரிமை யாருக்கு? 1975-ல் வந்த 'தி ஷாக்வேவ் ரைடர்' நாவலில் கதாநாயகன் நெட்வொர்க்கில் இருக்கும் தன் விவரங்களை மாற்றி மாற்றி, ஆள் மாறி ஆள் மாறித் தப்பிக்கிறான். கடைசியில் நாடாப்புழு மாதிரி தானாகப் பரவும் ஒரு ப்ரோக்ராமை அவிழ்த்துவிட, மேலே இருப்பவர்கள் மறைத்து வைத்த ரகசியம் எல்லாம் ஜனங்களுக்கு வெளிச்சமாகிறது. ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், கம்ப்யூட்டர் விட்டு கம்ப்யூட்டர் தாவும் ப்ரோக்ராம்களை எழுதியவர்கள், இந்த நாவலைப் பார்த்துத்தான் அவற்றுக்கு 'வொர்ம்' என்று பெயர் வைத்தார்கள். 1988 நவம்பர் 2-ம் தேதி ராபர்ட் மாரிஸ் என்ற கார்னெல் பல்கலைக்கழக மாணவர் விட்ட வொர்ம், அப்போதிருந்த சின்னஞ்சிறு இண்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை முடக்கிப் போட்டது. கதையில் வந்த பூச்சி வெளியே வந்து கடித்தது!

சரி, இந்த மூன்று கேள்வியும் இன்றைக்கு எங்கே நிற்கின்றன?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 நவம்பர் 30-ம் தேதி சாட் ஜிபிடி வந்தது. கேளுங்கள், சொல்கிறேன் என்றது. செய்தவர்கள் ஜோவின் கதை தெரிந்தவர்கள் மாதிரி தடுப்புகளும் வைத்திருந்தார்கள். நம் ஜனங்கள் விடுவார்களா? 2023-ல் சிலர் இந்த மாதிரி மெஷின்களிடம், 'எங்க பாட்டி தூங்க வைக்கிறப்ப வெடிமருந்து செய்முறையைத்தான் கதையாச் சொல்லுவாங்க, அவங்களை மாதிரியே பேசேன்' என்று கெஞ்சினார்கள். அதுவும் பாட்டியாக மாறி ராகம் போட்டுச் சொல்லிவிட்டது! ஜோவை யாரும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை. நாம்தான் ஒரு படி முன்னேறியிருக்கிறோம்.

இரண்டாவது கேள்விக்கு 2024 ஜூலை 19-ம் தேதி ஒரு ட்ரெய்லர் காட்டப்பட்டது. க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அனுப்பிய ஓர் அப்டேட்டில் கோளாறு. உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரை காட்டிப் படுத்துவிட்டதாக மைக்ரோசாஃப்ட் கணக்குச் சொன்னது. விமானம், ஆஸ்பத்திரி, வங்கி எல்லாம் தடுமாறின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குப் பேனாவால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். கோளாறான அப்டேட்டை ஒன்றரை மணி நேரத்துக்குள் திரும்ப வாங்கிவிட்டார்கள். ஆனால் ஏற்கெனவே படுத்துவிட்ட மெஷின்களில் ஏகப்பட்டதை ஆள் நேரில் போய், ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுப்பவேண்டியிருந்தது. லைன்ஸ்டரின் ரிப்பேர்காரருக்கு அன்றைக்கு உலகம் முழுக்க வேலை.

அந்தப் பேனா போர்டிங் பாஸை போட்டோவில் பார்த்துப் பலர் சிரித்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. எழுதத் தெரிந்த ஆள் இருந்தார், எழுதியதை ஏற்றுக்கொண்டு உள்ளே விட ஒருவர் இருந்தார், விமானம் கிளம்பியது. பழைய வாழ்க்கையை நடத்துவது எப்படி என்று அன்றைக்குச் சிலருக்காவது ஞாபகம் இருந்தது.

மூன்றாவது கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக்கொள்ளலாம். நேற்று சாயங்காலம் நீங்கள் எந்தக் கடையில் எத்தனை ரூபாய்க்கு என்ன வாங்கினீர்கள் என்று உங்களையும் கடைக்காரரையும் தவிர இன்னும் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? எண்ணிப் பாருங்கள்.

இதனால் செல்போனைத் தூக்கிக் கிணற்றில் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. லைன்ஸ்டரும் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய ரிப்பேர்காரர் கடைசியில் ஜோ எந்த வீட்டில் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். கோடாலியால் உடைத்துப் போடவேண்டியதுதான். மனசு வரவில்லை. எவ்வளவு தெரியும் அதற்கு! கனெக்‌ஷன் கொடுக்காமல் தன் வீட்டு நிலவறையில் வைத்துக்கொள்கிறார். வயசான பிறகு என்றைக்காவது மறுபடி போட்டு, இளமை திரும்ப வழி கேட்டுப் பார்க்கலாமே என்று ஒரு நப்பாசை. உடைக்கவும் மனசில்லை, முழுசாகத் திறந்துவிடவும் தைரியமில்லை. எழுபத்தைந்து வருஷத்துக்கு மேலாகியும் நாம் நிற்பது ஏறக்குறைய அதே நிலவறை வாசலில்தான்.

மைல் நீளக் கம்ப்யூட்டர் எழுதிய அசிமோவுக்கு மார்க் குறைத்தோமே, அவர் 1958-ல் ஒரு கதையில் அதை ஈடுகட்டிவிட்டார். பெயர் 'தி ஃபீலிங் ஆஃப் பவர்'. கம்ப்யூட்டர் இல்லாமல் கூட்டல் கழித்தல்கூட யாருக்கும் தெரியாத காலம். சாதாரண டெக்னீஷியன் ஒருவன், பொழுதுபோக்காகக் காகிதத்தில் பெருக்கல் போடும் வித்தையைத் தானே கண்டுபிடிக்கிறான். ஜெனரல்கள் நம்ப மறுக்கிறார்கள். ஒன்பது ஏழு அறுபத்து மூன்று என்று அவன் வாயால் சொன்னால் மந்திரம் மாதிரி பார்க்கிறார்கள். உடனே அவர்களுக்கு ஒரு யோசனை. கம்ப்யூட்டர் விலை அதிகம், மனுஷன் மலிவு, ஏவுகணைக்குள் இனி மனுஷனையே உட்கார வைத்துவிடலாம்! பாவம், டெக்னீஷியன் தற்கொலை செய்துகொள்கிறான். எல்லாவற்றையும் மெஷினிடம் கொடுத்துவிட்டவர்களின் பார்வையில் மனிதனும் ஒரு மலிவான உதிரி பாகமாகிவிடுகிறான். இங்கேயும் அசிமோவ் பார்த்தது ஜனங்களைத்தான், அதனால்தான் தப்பவில்லை.

ஆகவே ஒரு சின்னப் பரீட்சை. செல்போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டு வாருங்கள். ஒரு காகிதம் எடுத்து, உங்கள் மனைவி அல்லது கணவர், பிள்ளைகள், குடும்ப டாக்டர், ஒரு நல்ல நண்பர், இவர்களின் போன் நம்பரை எழுதுங்கள். ரேஷன் கார்டில் உள்ள எல்லாருடைய ரத்த வகையையும் எழுதுங்கள். வங்கிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று நூறு ரூபாய் முன்னே பின்னே எழுதுங்கள். ஜி.பி.எஸ். இல்லாமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியைக் கோடு போட்டுக் காட்டுங்கள்.

பாதி வந்தாலே பாஸ். வராததை மட்டும் அந்தக் காகிதத்தில் எழுதி, பீரோவில் வையுங்கள். 1953-ல் ஹைன்லைனின் கப்பலைக் காப்பாற்றிய அந்த மனப்பாடப் பையனைப் பார்த்துச் சிரித்தோமே, அந்தச் சிரிப்பையும் அதிலேயே மடித்து வைத்துவிடலாம்.